சபைக் கூச்சம் தந்த குரல்கள்

ஆண்டு விழா நாடகத்திற்குப் பெயர் கொடுத்துவிட்டு, ஒத்திகை நாளன்று வயிற்று வலி என்று வீட்டிலேயே இருந்துவிடும் மாணவியர் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒருவர் டாஸ் பட்லர். பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் தொலைக்காட்சியில் யோகி என்னும் கரடியும், ஹக்கிள்பெரி ஹவுண்ட் என்னும் நீல நிற நாயும் பேசியது அவருடைய குரலில்தான்.

சார்லஸ் டாசன் பட்லர் 1916ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டொலிடோ நகரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. பின்னர் குடும்பம் சிக்காகோவை அடுத்த ஓக் பார்க்கில் குடியேறியது. குள்ளமான உருவம், நாலு பேர் முன் வாய் திறக்கக் கூசும் சுபாவம். அந்தக் கூச்சத்திற்கு அவர் கண்ட வைத்தியம் விசித்திரமானது. 1935ஆம் ஆண்டில், ஊரில் நடந்த திறமைப் போட்டிகளுக்குத் தாமே சென்று பெயர் கொடுக்கலானார். பரிசை எண்ணி அல்ல. மேடை ஏறிப் பழக வேண்டும் என்பதற்காகவே. அங்கே பிரபலமானவர்களைப் போலப் பேசிக் காட்டினார். சொந்தக் குரலில் பேசத்தான் அச்சம், பிறர் குரலில் பேச அச்சமில்லை போலும்! பெரும்பாலான போட்டிகளில் பரிசும் அவருக்கே கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் பணியாற்றினார். மிர்டிஸ் மார்ட்டின் என்னும் பெண்மணியை மணந்து நான்கு புதல்வர்களுக்குத் தந்தையானார். போருக்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றவருக்கு, 1949இல் ஒரு தொலைக்காட்சிப் பொம்மலாட்டத்தில் பீனி என்னும் சிறுவனின் குரல் வாய்த்தது.

1957இல் எம்.ஜி.எம். நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. அங்கே 'டாம் அண்ட் ஜெர்ரி' படங்களை உருவாக்கிய ஹன்னா, பார்பெரா இருவரும் தொலைக்காட்சிக்குப் படம் எடுக்க முனைந்தனர். கையில் பணம் குறைவு. ஆகவே சித்திரங்களும் குறைவு. உடல் அசையாமல் நிற்கும், வாய் மட்டும் அசையும். யோகி கரடி கழுத்துப் பட்டையும் டையும் அணிந்திருப்பது அழகுக்காக மட்டுமன்று. தலையை மட்டும் தனியே வரைந்து மாற்றும்போது ஒட்டு தெரியாமலிருக்கத்தான். இத்தகைய படத்திற்கு உயிர் எங்கிருந்து வரும்? குரலிலிருந்துதான். நம் தியாகராய நகரை அடுத்த கோடம்பாக்கத்தில் பின்னணிக் குரல் கொடுப்பவர்களைக் கேட்டால், இது எத்தனை கடினம் என்று சொல்வார்கள்.

1958இல் வெளிவந்த ஹக்கிள்பெரி ஹவுண்ட் ஓர் அப்பாவி நாய். ஒரு வாரம் காவலர், மறு வாரம் தீயணைப்பு வீரர், இன்னொரு வாரம் வாளேந்திய வீரர். எந்த வேலையிலும் அடியும் உதையுமே மிச்சம். ஆயினும் கோபம் வராது. சுருதி சேராத பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி எழுந்து நடக்கும். மனைவியின் ஊரான வட கரோலினாவில், அண்டை வீட்டுக் கால்நடை மருத்துவர் ஒருவர் இழுத்து இழுத்துப் பேசியதைக் கேட்டுத்தான் பட்லர் இந்தக் குரலை அமைத்தார். அத்தொடருக்கு 1960இல் எம்மி விருது கிடைத்தது. கார்ட்டூன் தொடர் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

எனக்குப் பிடித்தது ஸ்னாகில்புஸ் என்னும் சிங்கம். சிங்கமாகப் பிறந்தும் வேட்டைக்காரரைக் கண்டால் ஓட்டம்! அதுவும் நாடக நடிகரைப் போல, மேடையின் எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்று அறிவித்துவிட்டே ஓடும். அந்த ஓட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் அதை இகழத் தோன்றுவதில்லை. அச்சம் இன்னதென்று தாமே அறிந்தவர் பேசியதால்தான் அப்படி என்று நான் கருதுகிறேன்.

பிற்காலத்தில் பட்லர் தம் வீட்டிலேயே இளைஞர்களுக்குக் குரல் நடிப்புக் கற்பித்தார். ஒஹாயோவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான்சி கார்ட்ரைட் என்னும் மாணவிக்குத் தொலைபேசி வழியாகவே பாடம் நடந்தது. 1988ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் பட்லர் காலமானார். பார்ட் சிம்ப்சன் என்னும் குறும்புச் சிறுவனுக்கு நான்சி குரல் கொடுக்கத் தொடங்கி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது.