வீணையின் ரகசியம் கண்ட ராமன்

சர் சி. வி. ராமன் ஒளி ஆராய்ச்சிக்காக 1930-ல் நோபல் பரிசு பெற்றார். இது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே பல ஆண்டுகள் அவர் ஒலியை ஆராய்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

ராமனின் முன்னோர் தஞ்சை ஜில்லாவில் பயிர்த்தொழில் செய்தவர்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள திருவானைக்காவலில் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி அவர் பிறந்தார். அவர் மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பார்.

ஊஞ்சலும் தந்தியும்

1907-ல் ராமனுக்குக் கல்கத்தாவில், நிதி இலாகாவில், பெரிய உத்தியோகம் கிடைத்தது. நல்ல சம்பளம். ஆனால் ஓய்வு நேரமெல்லாம் அவர் பவ்பஜார் தெருவில் இருந்த விஞ்ஞானக் கழகத்தில்தான் இருப்பார்.

யாரும் தள்ளாமலே ஊஞ்சலை ஆட்டலாம். அதில் நின்றுகொண்டு, ஒரு முறை போய் வருவதற்குள் இரண்டு முறை குனிந்து நிமிர்ந்தால் போதும். ஒரு தந்தியை இப்படி விட்டு விட்டு இழுத்தால் அதுவும் ஆடும். இரட்டை வேகத்தில் மட்டுமல்ல, வேறு சில வேகங்களில் இழுத்தாலும் ஆடும் என்று ராமன் செய்து காட்டினார்.

1917-ல் கல்கத்தா சர்வகலாசாலை அவரைப் பேராசிரியராக அழைத்தது. சம்பளம் குறைவு. வீட்டில் குடும்பம் இருந்தது. ஆனாலும் சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டுப் போனார்.

விதியை மீறிய வீணை

தந்தியை மீட்டினால் ஒரே ஒலி எழுவதில்லை. கூடவே பல துணை ஒலிகளும் எழும். ஒவ்வொரு துணை ஒலிக்கும் தந்தியில் அசையாத இடங்கள் உண்டு. அந்த இடத்தில் மீட்டினால் அந்தத் துணை ஒலி எழாது என்பது ஐரோப்பிய விஞ்ஞானிகள் கண்ட விதி.

வீணையும் தம்பூராவும் இந்த விதிக்கு அடங்கவில்லை. எழக்கூடாத ஒலி கணீரென்று எழுந்தது! காரணம் குதிரையில் இருக்கிறது என்று 1921-ல் ராமன் எழுதினார். வயலின் குதிரையின் விளிம்பு மெல்லியது. வீணைக் குதிரையோ அகலமானது. மேற்புறம் லேசாக வளைந்தது. ஆடும் தந்தி அந்த வளைவில் படிந்து படிந்து எழுகிறது. அதனால் புதுப் புது ஒலிகள் பிறக்கின்றன.

மிருதங்கத்தையும் அவர் விடவில்லை. சாதாரணத் தோல் கொட்டில் துணை ஒலிகள் ஒன்றோடொன்று சேராது. மிருதங்கத்தின் நடுவே சோறும் கல்பொடியும் குழைத்து அப்பிய கறுப்பு வட்டம் அவற்றைச் சுருதி சேர்க்கிறது. ஒன்பது வகை அசைவுகள் சேர்ந்து ஐந்து இனிய ஒலிகள் ஆகின்றன என்று கண்டார்.

இன்றைய பாடம்

சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். இதைப் பிரான்ஸ் தேசத்துக் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டார்கள். கேஸ் அடுப்பு லைட்டரில் பொறி பறப்பதும் இதனால்தான். இன்று இயந்திரங்களின் அதிர்விலிருந்தும் இந்த வகையில் சிறிது மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கேயும் கணக்கு நேராகப் போவதில்லை. இரு மடங்கு வேகமாக உலுக்கினால் இரு மடங்கு அசைவு கிடைப்பதில்லை. அதிர்வு கூடக் கூடத் தகட்டின் சொந்த வேகமும் சற்றுக் குறைகிறது.

ராமன் 1970-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி பெங்களூரில் காலமானார். புத்தகத்து விதிக்கு அடங்காத வீணையை அவர் குறை சொல்லவில்லை. ஏன் அடங்கவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்வியே அவரை விஞ்ஞானி ஆக்கியது.