காத்திருக்க வைத்த கேரி கில்டால்

கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து, திரையில் சதவீதம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருக்காத மாணவர் நம் பாலிடெக்னிக்கில் யாராவது உண்டா? பதினேழு... இருபத்தொன்பது... முப்பது. அவ்வளவுதான், முப்பதிலேயே நின்றுவிடும். நடுவில் கரண்ட் போய்விடக்கூடாதே என்று குலதெய்வத்தை வேண்டிக்கொள்வோம். ரெக்கார்டு நோட்டு தயார், சார் வைவா கேட்கத் தயார், நாமும் (ஓரளவு) தயார். மெஷின் மட்டும் இன்னும் தயாராகிக்கொண்டே இருக்கும்! எரிச்சல் வரத்தான் செய்யும்.

அந்த எரிச்சல் ஒன்றும் புதுசு இல்லை, நண்பர்களே. 1980ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில், இருபத்து நான்கு வயதைத் தொடவிருந்த ஓர் இன்ஜினியருக்கும் இதே எரிச்சல் வந்தது. அவர் காத்திருந்தது ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புதிய பதிப்புக்காக. நாம் மணிக்கணக்கில் காத்திருக்கிறோம். அவர் மாதக்கணக்கில் காத்திருந்தார். கடைசியில் பொறுமை போய், தாமே உட்கார்ந்து ஒன்றை எழுதிவிட்டார். உலகத்தின் பெர்சனல் கம்ப்யூட்டர்களுடைய தலையெழுத்தே அதில் மாறிப்போனது.

அவரைக் காத்திருக்க வைத்தவர் சோம்பேறியோ சாதாரண ஆளோ கிடையாது. அவர்தான் கேரி கில்டால். அவருடைய கதையை நம் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாலுமிப் பள்ளி வீட்டுப் பிள்ளை

கேரி ஆர்லன் கில்டால் 1942ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி சியாட்டிலில் பிறந்தார். துறைமுக நகரம் அது. கப்பல் ஓட்டுகிறவர்களுக்குத் திசையறியும் கணக்குகளைச் சொல்லித்தரும் பள்ளி ஒன்றை அவருடைய குடும்பம் நடத்தி வந்தது. தாத்தா தொடங்கிய பள்ளி. அப்பாவும் அங்கே ஆசிரியர். தாமும் கணக்கு வாத்தியாராகிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் கேரி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்த இடத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அப்புறம் மனசு வேறு எதிலும் நிற்கவில்லை.

அது வியட்நாம் போர்க்காலம். கேரிக்கும் ராணுவக் கடமை இருந்தது. கேரிக்குக் கிடைத்த பணி, கலிபோர்னியாவில் மான்டரே நகரில் இருந்த கடற்படை முதுநிலைக் கல்லூரியில் பாடம் நடத்துவது. ஆக, எப்படியோ வாத்தியாராகிவிட்டார்! 1972இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலேயே டாக்டர் பட்டமும் பெற்றார். புரோகிராமின் ஓட்டத்தை ஆராய்ந்து கம்பைலர் அதை எப்படிச் செம்மைப்படுத்தலாம் என்று 1973இல் அவர் வெளியிட்ட முறை, இன்றைக்கும் கம்பைலர் பாடத்தில் அவர் பெயரைச் சொல்லித்தான் நடத்தப்படுகிறது.

ஓடாத டிரைவும் ஓடிய மூளையும்

1971இல் இன்டெல் கம்பெனி 4004 என்ற மைக்ரோபிராசஸரை வெளியிட்டது. பெரிய கம்பெனிகள் பலவும் அதைக் கால்குலேட்டருக்கும் டிராபிக் சிக்னலுக்கும் ஆகிற சாமானாகத்தான் பார்த்தன. கில்டால் அதில் ஒரு முழுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். இன்டெல்லுக்கு ஆலோசகராகப் போய், மைக்ரோபிராசஸருக்கு எளிதாகப் புரோகிராம் எழுத உதவும் பி.எல்./எம் என்ற மொழியை உருவாக்கிக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் காகித நாடாவில் துளை போட்டுத்தான் புரோகிராமைச் சேமிக்க வேண்டும். படிக்கவும் நேரம், பதியவும் நேரம். அப்போதுதான் பிளாப்பி டிஸ்க் வந்துகொண்டிருந்தது. தேய்ந்துபோன பழைய டிரைவ் ஒன்று கில்டால் கைக்குக் கிடைத்தது. ஆனால் அதை மைக்ரோபிராசஸரோடு இணைக்கும் கன்ட்ரோலர் சர்க்யூட் அவருக்குக் கைகூடவில்லை. சாப்ட்வேரில் புலி, சாலிடரிங்கில் தடுமாற்றம்! டிரைவ் சும்மா கிடந்தது. பிறகு ஜான் டோரோட் என்ற நண்பர் 1974இல் அந்தச் சர்க்யூட்டைச் செய்து கொடுத்தார். டிஸ்க்கைக் கையாளக் கில்டால் எழுதி வைத்திருந்த புரோகிராம் உயிர் பெற்றது. அதற்குப் பெயர் சி.பி.எம். (கட்சி இல்லை நண்பர்களே, கன்ட்ரோல் புரோகிராம் பார் மைக்ரோகம்ப்யூட்டர்ஸ்!)

இன்டெல்லிடம் காட்டினார். இன்டெல் பி.எல்./எம் மொழியை எடுத்துக்கொண்டது, சி.பி.எம். வேண்டாம் என்று விட்டுவிட்டது. சரி, நாமே விற்போம் என்று மனைவி டோரதியோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். அதுதான் பின்னாளில் டிஜிட்டல் ரிசர்ச். மான்டரேக்குப் பக்கத்தில் பசிபிக் குரோவ் என்ற சின்ன ஊர். கணவர் எழுத, மனைவி வியாபாரத்தைக் கவனிக்க, பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்த ஆர்டர்களுக்குத் தபாலில் அனுப்பி வைத்தார்கள். விலை சுமார் 70 டாலர்.

கப்ளிங் மாற்றினால் போதும்

அந்நாளில் கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனிகள் காளான் போல முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதமான டிஸ்க், ஒரு விதமான கீபோர்டு. ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றில் ஓடாது. மெஷினுக்கு மெஷின் சி.பி.எம்.மை முதலிலிருந்து மாற்றி எழுத முடியுமா?

கில்டால் ஒரு யுக்தி செய்தார். மெஷினுக்கு மெஷின் மாறுகிற பகுதியை மட்டும் தனியே பிரித்து, அதற்கு பயாஸ் என்று பெயர் வைத்தார். மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். மோட்டாரையும் பம்பையும் தொடாமல் நடுவில் இருக்கிற கப்ளிங்கை மட்டும் மாற்றுவது போலத்தான். பயாஸை மாற்றினால் போதும், மற்ற எல்லாம் அப்படியே ஓடும். இதனால் ஒரே புரோகிராமைப் பல கம்பெனிகளின் மெஷினுக்கும் விற்கலாம் என்ற நிலை வந்தது. சாப்ட்வேர் தனித் தொழிலாக நிமிர்ந்து நின்றதற்கு இது பெரிய காரணம். உச்சகட்டத்தில் சுமார் 3,000 வகைக் கம்ப்யூட்டர்களில் சி.பி.எம். ஓடியது. 1981இல் கம்பெனியின் ஆண்டு வருமானம் 54 லட்சம் டாலர்.

வந்தது 8086, வரவில்லை சி.பி.எம்.

இங்கேதான் கதை திரும்புகிறது. நம் மைக்ரோபிராசஸர் லேபில் 8085 கிட்டும் 8086 கிட்டும் பார்த்திருக்கிறோம். முன்னது 8 பிட், பின்னது 16 பிட். பின்னது 64 கிலோபைட்டைத் தாண்டி ஒரு மெகாபைட் வரை நினைவகத்தைக் கையாளும். இன்டெல் 8086ஐ 1978இல் வெளியிட்டது. 8085க்கு அண்ணனான 8080க்கு எழுதப்பட்ட சி.பி.எம். இதில் நேரடியாக ஓடாது. 8086க்கு என்று தனிப் பதிப்பு வேண்டும். அது வரும் என்று டிஜிட்டல் ரிசர்ச் சொல்லியிருந்தது.

கில்டால் பிறந்த அதே சியாட்டிலில், சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி. அங்கே வேலை பார்த்த டிம் பேட்டர்சன், 8086 போர்டு ஒன்றை வடிவமைத்தார். 1979 நவம்பரில் போர்டு விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாமல் அந்தப் போர்டை வாங்கி யார் என்ன செய்வது? புது பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது, டிரைவர் வரவில்லை என்ற கதைதான். 1979 முடிவதற்குள் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. பொங்கல் போய்ச் சித்திரையும் வந்துவிட்டது. அப்போதும் வரவில்லை.

ஏன் தாமதம்? பழைய சி.பி.எம். அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது. புதிய 16 பிட் மெஷின் வைத்திருந்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்த நேரத்தில் கில்டாலின் மனம் பி.எல்./ஐ என்ற மொழிக்குக் கம்பைலர் எழுதுவதில் லயித்திருந்தது. தரமாகச் செய்ய வேண்டும், அவசரப்படக்கூடாது என்பது அவர் சுபாவம். தப்பு என்று சொல்ல முடியுமா? ஆனால் காத்திருக்கிறவனுக்கு அந்தக் காரணமெல்லாம் சோறு போடாது.

1980 ஏப்ரலில் பேட்டர்சன் எழுத ஆரம்பித்தார். ஆகஸ்டில் கொடுக்கத் தயார். வைத்த பெயரே வேடிக்கை: கியூ-டாஸ். அவசர அடியாக எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டம் என்று அர்த்தம். ஆபத்துக்குப் பாவமில்லை! சி.பி.எம்.முக்கு இருந்த புரோகிராம்களைச் சுலபமாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதால், புரோகிராம்கள் அதை எப்படிக் கூப்பிடுமோ அதே முறையில் இதையும் அமைத்தார். டிஸ்க்கில் பைல்களை அடுக்கும் முறை மட்டும் வேறு. அசல் வரும்வரை தாக்குப்பிடிக்க ஒரு ஸ்டெப்னி டயர், அவ்வளவுதான்.

விமானக் கதை

அதே 1980இல் ஐ.பி.எம். கம்பெனி ரகசியமாகத் தன் பெர்சனல் கம்ப்யூட்டரைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அதன் ஆட்கள் சி.பி.எம். கேட்டு பசிபிக் குரோவுக்கு வந்தார்கள். அன்று காலை கில்டால் தமது சொந்த விமானத்தில் வேறொரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். ஐ.பி.எம். நீட்டிய ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட டோரதியும் வக்கீலும் தயங்கினார்கள். பின்பு என்ன பேசினார்கள் என்பதில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். முடிவில் வியாபாரம் படியவில்லை.

இதை வைத்துத்தான், ஜாலியாக விமானம் ஓட்டப் போய் அதிர்ஷ்டத்தைக் கோட்டைவிட்ட ஆள் என்று கில்டாலைப் பற்றி ஒரு கட்டுக்கதை கிளம்பியது. வாழ்நாள் முழுக்க அது அவரை விடவில்லை. போனது வேலை விஷயமாகத்தான். அப்புறம், ஒரு நாள் காலை ஊரில் இல்லாததாலா எல்லாம் கைவிட்டுப் போகும்? யோசித்துப் பாருங்கள். சி.பி.எம்.மின் 8086 பதிப்பு அன்றைக்கு மேஜை மேல் தயாராக இருந்திருந்தால் கியூ-டாஸே பிறந்திருக்காது. ஐ.பி.எம். போய் வாங்குவதற்கு வேறு கடையும் இருந்திருக்காது.

வேறு கடை இருந்தது. மைக்ரோசாப்ட் முதலில் 25,000 டாலருக்குப் பேட்டர்சனின் சிஸ்டத்துக்கு உரிமம் பெற்றது. 1981 ஜூலையில் மேலும் 50,000 டாலர் கொடுத்து முழுசாக வாங்கிவிட்டது. அதையே டாஸ் என்று ஐ.பி.எம்.முக்குக் கொடுத்தது. டாஸ் தமது சி.பி.எம். போலவே இருப்பதைக் கண்டு கில்டால் கொதித்தார். சமாதானமாக, சி.பி.எம்.மையும் சேர்த்து விற்கிறோம் என்று ஐ.பி.எம். ஒப்புக்கொண்டது. 1981 ஆகஸ்டில் மெஷின் வெளிவந்தது. டாஸ் விலை 40 டாலர். சி.பி.எம். விலை 240 டாலர். அதுவும் கைக்கு வந்தது மறு வருஷம் 1982இல்தான்! ஆறின கஞ்சி பழங்கஞ்சி. ஜனங்கள் டாஸுக்குப் பழகிவிட்டிருந்தார்கள்.

பின்னும் உழைத்தார்

கில்டால் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1983 முதல் 1990 வரை கம்ப்யூட்டர் குரோனிக்கல்ஸ் என்ற டெலிவிஷன் நிகழ்ச்சியில் இணை அறிவிப்பாளராக இருந்து, போட்டியாளர்களின் சரக்கையும் முகம் சுளிக்காமல் ஜனங்களுக்கு விளக்கினார். அவருடைய இன்னொரு கம்பெனி 1985இல் குரோலியர் கலைக்களஞ்சியத்தை சிடி-ராமில் கொண்டுவந்தது. சிடியில் வந்த முதல் கலைக்களஞ்சியம் அதுதான்.

டாஸுக்குப் போட்டியாக டிஜிட்டல் ரிசர்ச் டி.ஆர். டாஸை 1988இல் இறக்கியது. அதன் ஐந்தாம் பதிப்பு 1990இல் வந்தது. எம்.எஸ். டாஸின் ஐந்தாம் பதிப்போ 1991 ஜூனில்தான் வந்தது. இந்தத் தடவை முந்தியது கில்டாலின் கம்பெனி, காத்திருக்க வைத்தது எதிர்த்தரப்பு! ஆனால் அதற்குள் சந்தை அந்தப் பக்கம் போய்விட்டது. 1991இல் டிஜிட்டல் ரிசர்ச்சை நாவெல் கம்பெனி வாங்கிக்கொண்டது.

பணத்துக்குக் குறைவில்லை. மனசில்தான் குறை. 1992இல் அவர் படித்த பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் துறை ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. சிறப்புரை ஆற்றியவரோ பில் கேட்ஸ். அங்கேயே டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு எப்படி இருந்திருக்கும்? தம் தரப்பை ஒரு நினைவுக் குறிப்பாக எழுதி, குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தார். 1994 ஜூலை 8 அன்று மான்டரேயில் கீழே விழுந்து தலையில் அடிபட்டது. ஜூலை 11 அன்று காலமானார். வயது 52.

2014இல் ஐ-ட்ரிபிள்-இ அமைப்பு, பசிபிக் குரோவில் அவருடைய பழைய அலுவலகத்தின் முன் நினைவுப் பலகை பதித்தது. அந்த நினைவுக் குறிப்பின் முதல் பகுதி 2016இல் வெளிவந்தது.

நமக்கு என்ன?

தொண்ணூறுகளில் இங்கே படித்த நம் சீனியர்களைக் கேளுங்கள். கறுப்புத் திரை, ஏ என்ற எழுத்து, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. பைல் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளி வைத்து மூன்று எழுத்து. எல்லாம் சி.பி.எம்.மிலிருந்து டாஸுக்கு வந்த வழக்கம். இன்றைக்கும் நாம் சி டிரைவ் என்கிறோமே, அந்த எழுத்து வரிசையும் அங்கிருந்து வந்ததுதான். தோற்றவருடைய கையெழுத்து ஜெயித்தவருடைய நோட்டுப் புத்தகத்தில் இன்னும் அழியாமல் இருக்கிறது.

நாளைக்கு நம்மில் யாரோ ஒருவர் செய்து தரும் பொருளுக்காக எங்கேயோ ஒருவர் போர்டை மேஜையில் வைத்துக்கொண்டு காத்திருக்கப் போகிறார். நம் திறமை அவருக்குத் தெரியும். நாம் சொன்ன தேதியும் அவருக்குத் தெரியும். தேதி தாண்டும்போது அவர் சண்டைக்கு வர மாட்டார்; சத்தமில்லாமல் சொந்தமாக ஒன்றைச் செய்துகொள்வார். கில்டாலிடம் இல்லாத திறமையா நம்மிடம் இருக்கிறது? அவருக்கே அந்த ஒரு வருஷத் தாமதம் அத்தனை விலை வைத்தது.

அடுத்த முறை லேபில் முப்பது சதவீதத்தில் நிற்கிற திரையைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும்போது, அந்தச் சியாட்டில் இன்ஜினியரை நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே கேரி கில்டாலையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சப்மிஷன் தேதி தாண்டிப்போன அந்த புராஜெக்ட் ரிப்போர்ட்டை எடுத்து முடிக்கப் பாருங்கள்!