32 ஆண்டுகள் வாழ்ந்த கிருபாபாய் அம்மையார்

ஆங்கிலத்தில் முழு நாவல் எழுதி வெளியிட்ட முதல் இந்தியப் பெண்மணி யார் என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால் எங்களில் பலர் விழிப்போம். சரோஜினி நாயுடு என்பாள் ஒருத்தி. வங்காளத்துத் தோரு தத் என்பாள் இன்னொருத்தி. சரோஜினி அம்மையார் பாடியவை கவிதைகள். தோரு தத் தொடங்கிய ஆங்கில நாவலோ முடிவு பெறவில்லை. அதற்குள் 1877-ல் தமது 21-ஆம் வயதில் அவர் காலமாகிவிட்டார். அந்தப் பெருமைக்கு உரியவர் என்று இன்று பலரும் குறிப்பிடுவது கிருபாபாய் சத்தியநாதன் அம்மையாரைத்தான். அவர் பிறந்தது மராட்டிய நாட்டில். ஆனால் வாழ்க்கைப்பட்டது தமிழ்க் குடும்பத்தில். படித்தது, பாடம் சொல்லிக் கொடுத்தது, எழுதியது, மறைந்தது எல்லாம் பெரும்பாலும் நம் தமிழ்நாட்டில். ஆகவே அவரை நம்மவர் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

1862-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் அகமதுநகரில் கிருபாபாய் பிறந்தார். தந்தை ஹரிபந்த், தாய் ராதாபாய். இருவரும் பிராமண குலத்தில் பிறந்து கிறிஸ்தவ மறையைத் தழுவியவர்கள். பம்பாய் மாகாணத்தில் அவ்வாறு மனம் மாறிய முதல் சில குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்று. அந்நாளில் அது சாதாரணக் காரியமன்று. உற்றார் உறவினர் கைவிட்டார்கள். புதிய சபையிலோ எல்லாம் பழக்கமில்லாத முகங்கள். கணவர் மனமுவந்து எடுத்த முடிவு. மனைவிக்கோ அது பேரிடியாக இருந்தது. அந்தத் தாய் உள்ளுக்குள் பட்ட வேதனையைப் பின்னாளில் மகள் தம் நூலில் ஒளிக்காமல் எழுதினார்.

தந்தை சீக்கிரமே இறந்துவிட்டார். தாயும் மூத்த அண்ணன் பாஸ்கரும் பிள்ளைகளை வளர்த்தார்கள். இந்த அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. பாஸ்கர் தங்கைக்குப் புத்தகங்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்ததைப் பற்றிப் பெரியவர்களிடம் பேசுவதுபோல் உட்காரவைத்துப் பேசினார். எங்களில் அண்ணன் உள்ளவர்கள் தங்கள் வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தோம்! தங்கையிடம் தண்ணீர் கேட்காமல் புத்தகத்தைப் பற்றிக் கேட்கும் அண்ணன்மார் எத்தனை பேர்? அந்த நல்ல அண்ணனும் இளமையிலேயே இறந்துபோனார்.

பின்னர் பம்பாயில் மிஷன் விடுதிப் பள்ளியில் கிருபாபாய் சேர்க்கப்பட்டார். அங்கேதான் மருத்துவம் படிக்க வேண்டும் என்னும் ஆசை அவர் மனத்தில் வேரூன்றியது. அதன் காரணத்தை இன்று நாம் எளிதில் உணர முடியாது. அக்காலத்தில் பல வீடுகளில் பெண்கள் எத்தனை கடுமையான நோய் வந்தாலும் ஆண் மருத்துவரிடம் காட்டமாட்டார்கள். பிரசவத்தில் உயிர் போனாலும் விதி என்று இருந்துவிடுவார்கள். பெண் மருத்துவர் ஒருவர் இருந்தால் எத்தனையோ தாய்மார் பிழைப்பார்கள். இங்கிலாந்துக்குச் சென்று மருத்துவம் படிக்க உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பும் அவருக்கு வந்தது. ஆனால் அவருடைய மெலிந்த உடல்நிலை கடல் பயணத்தையும் குளிரையும் தாங்காது என்று மருத்துவர்கள் தடுத்துவிட்டார்கள்.

அவர் சோர்ந்துவிடவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது உள்பட நால்வர் அவ்வாண்டு சேர்ந்தனர். இலண்டனிலேயே பெண்கள் மருத்துவம் படிக்கப் போராடிக் கொண்டிருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1878-ல், 16 வயதுக் கிருபாபாய் அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். எங்களைவிட ஒரே ஒரு வயது மூத்தவர்! மொழி புதிது, ஊர் புதிது. சிந்தாதிரிப்பேட்டையில் சீயோன் ஆலயத்தின் போதகராக இருந்த சத்தியநாதன் ஐயர் வீட்டில் தங்கினார். அவர் துணைவியார் அன்னாள் அம்மையார் பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தியவர். தாய்மாருக்கென்று தமிழில் நூல் எழுதியவர். (சிந்தாதிரிப்பேட்டை என்பது சின்னத் தறிப் பேட்டை என்பதன் மருஉ. நெசவாளரைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர் அது. தறிச் சத்தத்திலே பிறந்து வளர்ந்த எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதைக் கேட்டதும் ஒரு சொந்தம் தோன்றியது.)

முதல் ஆண்டில் அவர் படிப்பைக் கண்டு ஆசிரியர்களே வியந்தார்கள். ஆனால் ஓயாத உழைப்பினால் உடல் ஒடிந்தது. 1879-ல் கல்லூரியை விட்டுவிட்டு, பூனாவில் இருந்த சகோதரியின் வீட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. மருத்துவராகும் கனவு ஓராண்டோடு முடிந்தது.

இந்த இடத்தில் நாங்கள் படிப்பதை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முந்திய ஆண்டு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய அக்காமார் சிலர் இன்று பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் நாங்கள் பள்ளிக்கு வரும்போது கம்பெனி வண்டியில் இருந்து கையசைக்கிறார்கள். அவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு. ஒருத்திக்கு வீட்டில் கடன், ஒருத்திக்கு அப்பா இல்லை. பாதியில் நின்ற படிப்பு என்றால் என்ன என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் கிருபாபாய் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதை அறிய மிகவும் ஆவலாக இருந்தோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து உடல் தேறிச் சென்னைக்கு வந்தார். அப்போது அந்த வீட்டின் மகன் சாமுவேல் சத்தியநாதன் கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பியிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் விரும்பி மணம் செய்துகொண்டார்கள். மனைவியின் அறிவைக் கண்டு அஞ்சாமல் அதில் பெருமை கொண்ட கணவர் அவர். சாமுவேலுக்கு உதகமண்டலத்தில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியில் தலைமையாசிரியர் பதவி கிடைத்தது. சென்னையிலிருந்து உதகைக்குப் போக அந்நாளில் இரயிலில் மேட்டுப்பாளையம் வரை வந்து, அங்கிருந்து மலைப்பாதையில் வண்டியில் ஏற வேண்டும். மலை இரயில் குன்னூருக்கு வந்ததே 1899-ல்தான். ஈரோட்டைத் தாண்டி வந்த அந்த இரயில் திருப்பூர் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். பனியன் தொழில் தோன்றாத அன்றைய சின்னத் திருப்பூரை, புதுமணப்பெண்ணாக ஜன்னல் வழியே அவர் பார்த்திருப்பார் என்று எண்ணி மகிழ்ந்தோம்.

உதகையில் மலைக்காற்று அவருக்கு நலம் தந்தது. தலைமையாசிரியரின் மனைவியாகச் சும்மா இருந்திருக்கலாம்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ வெளியே படிக்க வராத இஸ்லாமியச் சிறுமிகளுக்கென்று, திருச்சபை மிஷன் சங்கத்தின் உதவியோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஊரில் இருந்த வேறு பெண்கள் பள்ளிகளிலும் பாடம் நடத்தினார். தாய்மொழி மராத்தி, சமயம் கிறிஸ்தவம், ஊர் நீலகிரி, மாணவிகள் இஸ்லாமியர். தமக்கு முடியாமற்போன படிப்பு மற்றப் பெண்களுக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ! எங்களுக்கு அவர் எழுதிய நாவல்களைவிட இந்தப் பள்ளிக்கூடமே பெரிதாகப்படுகிறது. நாவல் எழுதுகிறவருக்குப் புகழாவது கிடைக்கும். எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவரை யார் பத்திரிகையில் போடுகிறார்கள்?

தோடர்களின் குடியிருப்புக்குச் சென்று வந்து ஒரு கட்டுரை எழுதினார். பெண் கல்வி பற்றியும் வீட்டில் பிள்ளை வளர்ப்பது பற்றியும் எழுதினார். தம் பெயரைப் போடாமல் 'ஓர் இந்தியப் பெண்மணி' என்றே வெளியிட்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் கணவரின் பணி ராஜமகேந்திரவரத்துக்கு மாறியது. அங்கே மீண்டும் நோய் வந்தது. பிறகு கும்பகோணம், 1886-ல் சென்னை.

சென்னையில்தான் 'சகுணா' பிறந்தது. 1887, 1888 ஆண்டுகளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடராக வந்து, 1892-ல் நூலாயிற்று. தமிழின் முதல் நாவலாகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது 1879-ல் என்பதை நினைத்தால், நாவல் என்பதே நம் நாட்டுக்கு எவ்வளவு புதிது என்று விளங்கும். 'சகுணா' பெரும்பாலும் அவருடைய சொந்தக் கதையே. தாயும் தந்தையும் அதில் வருகிறார்கள். அண்ணன் பாஸ்கரை அதில் மறுபடி உயிரோடு நடமாடவிட்டார். இந்தியப் பிள்ளைகளைத் தாழ்வாக எண்ணிய சில வெள்ளைக்கார ஆசிரியைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. வெள்ளைக்காரரைப் போல நடித்த நம்மவர்களையும் விடவில்லை. நம் சிஸ்டர்கள் இதைப் படித்துக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம்! விக்டோரியா மகாராணியாரின் கைக்கும் இந்நூல் போய்ச் சேர்ந்தது.

இந்த ஆண்டுகளில்தான் அவருக்கு ஒரு குழந்தை பிறந்தது. ஓராண்டு நிறையுமுன் இறந்துபோனது. அதுவே அவருடைய ஒரே குழந்தை. அந்தத் துயரத்தில் மனம் உடைந்து, பம்பாயில் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியதாயிற்று. அடங்கியிருந்த காசநோயும் தலைதூக்கியது. அந்நோய்க் கிருமியை இராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து 1940-களில்தான் வந்தது. இடையில் எத்தனை இளம் உயிர்கள்! அமெரிக்காவுக்குச் சென்று 1886-ல் மருத்துவப் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷி, மறு ஆண்டே 21 வயதில் இதே நோயால் இறந்தார். அவரும் மராட்டியப் பெண்தான்.

இனிக் குணமாகாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். கிருபாபாய் இரண்டாவது நாவலாகிய 'கமலா'வை எடுத்துக்கொண்டார். இதற்கிடையில் மாமியாரும் மாமனாரும் அடுத்தடுத்து இறக்க, அவர்களுடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதி வைத்தார். தமக்கே நாள் குறைவு என்று அறிந்தும், தம்மை மகளாக ஏற்ற பெரியவர்களுக்கு அந்த நேரத்திலிருந்து பங்கு கொடுத்தார். 'கமலா' ஓர் இந்துப் பெண்ணின் கதை. சிறுவயதில் மணமாகி, புகுந்த வீட்டில் கொடுமைப்பட்டு, குழந்தையையும் இழந்து, விதவையான கமலா, தன்னை மணக்க வந்தவருக்கும் இசையாமல், தனக்குக் கிடைத்த செல்வத்தை ஏழைகளுக்குச் செலவிட்டு வாழ்கிறாள். இந்த முடிவைப் பற்றி எங்கள் வகுப்பில் இரண்டு கட்சி. அவள் மறுமணம் செய்திருக்க வேண்டும் என்பது பாதிப் பேர் எண்ணம். குழந்தை இறக்கும் பகுதியைத் தாம் பெற்ற ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எழுதினார் என்பதில் மட்டும் யாருக்கும் பேச்சு எழவில்லை.

படுக்கையில் இருந்தபடியே நாவலை முடித்தார். 1894-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. வயது 32. அதே ஆண்டு 'கமலா' புத்தகமாக வந்தது. சில ஆண்டுகளுக்குள் இரண்டு நாவல்களும் தமிழிலும் வெளியாயின. சிதறிக் கிடந்த கட்டுரைகளைத் திரட்டி 1896-ல் கணவர் ஒரு நூலாக்கினார். அதன்பின் நெடுங்காலம் அவர் பெயரை எடுப்பார் இல்லை. 1998-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் இரு நாவல்களையும் மீண்டும் பதிப்பித்த பிறகே பலர் அவரைத் தேடிப் படிக்கலானார்கள்.

அவர் மறைந்தவுடன் சென்னையில் அவரிடம் அன்பு கொண்டவர்கள் நினைவு நிதி ஒன்று திரட்டினார்கள். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் ஆங்கிலத்தில் முதலாவதாக வரும் பெண்ணுக்கு அவர் பெயரால் பதக்கம் ஒன்று ஏற்பட்டது. இன்னொன்றும் செய்தார்கள். அவர் ஓராண்டு மட்டும் படித்துவிட்டு அழுதுகொண்டே வெளியேறியிருக்கக்கூடிய அந்தச் சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே, மருத்துவம் பயில வரும் பெண்களுக்கென்று கிருபாபாய் பெயரில் ஓர் உதவித்தொகையை நிறுவினார்கள்.