புதுப் பையன்களைப் புகழ் வீரர்கள் ஆக்கிய நூட் ராக்னி

தபால் ஆபீசில் வேலை பார்த்தவர், உலகம் வியக்கும் பயிற்சியாளர் ஆன கதை

அமெரிக்காவில் காலேஜ் கால்பந்துக்கு உள்ள மோகம் கொஞ்சநஞ்சம் அல்ல. நம் ஊரில் கிரிக்கெட்டுக்குக் கூடும் கூட்டத்தைப் போல அங்கே இந்த ஆட்டத்துக்குக் கூட்டம் கூடும்.

ஒவ்வொரு வருடமும் காலேஜ் அணிகளில் புதிய பையன்கள் சேருகிறார்கள். அவர்கள் மைதானத்தில் கால் வைக்கும் முன்பே, ரசிகர்கள் மனக்கோட்டை கட்டத் தொடங்கி விடுவார்கள். "இவன் மலை போல இருக்கிறான். அவன் மின்னல் போல ஓடுகிறான். இனி வெற்றி நமக்குத்தான்" என்று மார் தட்டுவார்கள்.

அந்த ஆசை சில வருடம் பலிக்கும். சில வருடம் பொய்த்துப் போகும்.

வந்த அன்றே ஒரு பையனை எடை போட முடியாது என்பதைத் தன் வாழ்க்கையால் காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் நூட் ராக்னி. அவர் இறந்து 90 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அமெரிக்கர்கள் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள்.

கையால் ஆடும் கால்பந்து

அமெரிக்கக் கால்பந்து, நாம் ஆடும் கால்பந்து அல்ல. பந்து உருண்டையாக இராது. இரண்டு முனையும் கூராக, மாதுளை மொட்டு போல இருக்கும். அதைக் கையில் பிடித்துக் கொண்டு ஓடலாம்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி, 4 முயற்சிக்குள் 10 கஜ தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் 4 முயற்சி கிடைக்கும். எதிரிகள் பாய்ந்து வந்து, ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள்.

முரட்டு ஆட்டம்தான். ஆனால் உடல் பலம் மட்டும் இருந்தால் போதாது. மூளையும் வேண்டும். ராக்னியின் பலம் அந்த மூளைதான்.

நார்வேயில் பிறந்தவர்

ராக்னி பிறந்தது நார்வே நாட்டில். ஊரின் பெயர் வோஸ். வருடம் 1888.

தந்தை குதிரை வண்டி செய்யும் தொழிலாளி. 1893-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரில் பெரிய உலகப் பொருட்காட்சி நடந்தது. தான் செய்த வண்டியை அதில் வைக்கத் தந்தை சிகாகோ போனார். அங்கேயே தங்கிவிட முடிவு செய்தார். மனைவி மக்களையும் வரவழைத்துக் கொண்டார்.

அப்போது ராக்னிக்கு வயது 5. ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. சிகாகோ தெருக்களில் மற்றப் பையன்களோடு ஆடித்தான் மொழியைக் கற்றுக் கொண்டான்.

ஆட்டத்தில் இருந்த ஆர்வம் படிப்பில் இல்லை. பள்ளிப் படிப்பை முடிக்காமலே விட்டுவிட்டான். பிறகு தபால் ஆபீசில் வேலை கிடைத்தது. சில வருடங்கள் அங்கே வேலை செய்து, சம்பளத்தில் பணம் சேர்த்தான்.

22 வயதில் புது மாணவர்

1910-ம் ஆண்டு ராக்னியின் வாழ்க்கை திசை மாறியது. அவருடைய நண்பர்கள் இருவர் நோட்டர் டேம் பல்கலைக் கழகத்தில் சேரப் புறப்பட்டார்கள். அது இண்டியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் என்ற ஊரில் இருக்கிறது. கத்தோலிக்கப் பாதிரியார்கள் நடத்தும் பல்கலைக் கழகம். செலவு குறைவு. ராக்னியும் அவர்களோடு போனார்.

நுழைவுப் பரீட்சை எழுதித் தேறினார். அப்போது அவருக்கு வயது 22. கூடப் படித்தவர்களைவிட மூத்தவர். தலையில் முடி கூடக் குறையத் தொடங்கியிருந்தது. உயரமும் அதிகம் இல்லை.

கையில் இருந்த பணம் போதவில்லை. ரசாயனக் கூடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். ரசாயனமே அவருக்குப் பிடித்த பாடம் ஆயிற்று.

கால்பந்து அணியில் சேரப் போனார். முதலில் யாரும் அவரைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் அவர் விடவில்லை. கடைசி வருடத்தில் அணிக்கு அவரே தலைவர்.

கடற்கரையில் பயிற்சி

1913-ம் ஆண்டு கோடை விடுமுறை. ராக்னியும், அவருடைய தோழர் கஸ் டோரைசும் ஒஹையோ மாநிலத்தில் சீடார் பாயிண்ட் என்ற உல்லாச இடத்துக்கு வேலைக்குப் போனார்கள். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் ஏரிக்கரை மணலில் பந்து எறிந்து பழகினார்கள். டோரைஸ் எறிவார். ராக்னி ஓடிக்கொண்டே பிடிப்பார்.

பந்தை முன்னால் எறியலாம் என்று 1906-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பெரிய அணிகள் அதை அதிகம் பயன்படுத்தவில்லை. பந்தோடு முட்டி மோதிப் போவதே வழக்கம்.

அந்த ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, ராணுவக் கல்லூரி அணியோடு ஆட்டம். ராணுவ வீரர்கள் ஆஜானுபாகுவானவர்கள். நோட்டர் டேம் அணியை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. டோரைஸ் பந்தை எறிந்தார். ராக்னி எட்டிப் பிடித்தார். ராணுவ வீரர்கள் திகைத்தார்கள். முடிவில் நோட்டர் டேம் 35 புள்ளி, ராணுவம் 13 புள்ளி! பத்திரிகைகள் எல்லாம் அந்தச் சிறிய கல்லூரியின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டன.

சூதாடும் மன்னன்

1914-ல் ராக்னி பட்டம் பெற்றார். போனி ஸ்கைல்ஸ் என்ற பெண்ணை மணந்தார். அதே பல்கலைக் கழகத்தில் ரசாயனம் கற்பிக்கவும், கால்பந்துக்குத் துணைப் பயிற்சியாளராகவும் சேர்ந்தார். 1918-ல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

அதற்கு முன்பே, 1916-ல், ஜார்ஜ் கிப் என்ற புது மாணவர் வந்து சேர்ந்தார். அவர் வந்தது பேஸ்பால் ஆடுவதற்காக. ஒரு நாள் சும்மா பந்தை உதைத்துக் கொண்டிருந்தார். அதை ராக்னி பார்த்தார். இவன் சாதாரணப் பையன் அல்ல என்று கண்டு கொண்டார். கால்பந்து அணிக்கு அழைத்து வந்தார்.

முதல் வருட மாணவர்கள் ஆடிய ஒரு ஆட்டத்தில், கிப் 62 கஜ தூரத்திலிருந்து பந்தை உதைத்துக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

கிப்பிடம் கெட்ட பழக்கங்களும் இருந்தன. வகுப்புக்கு ஒழுங்காகப் போகமாட்டார். சீட்டாட்டம், பந்தயம் என்று இரவைக் கழிப்பார். 1920-ல் பல்கலைக் கழகம் அவரை நீக்கியது. பிறகு மீண்டும் சேர்த்துக் கொண்டது.

1919, 1920 இரண்டு வருடமும் நோட்டர் டேம் ஒரு ஆட்டத்தில் கூடத் தோற்கவில்லை. ரசிகர்கள் கிப்பைத் தெய்வம் போலக் கொண்டாடினார்கள். ஆனால் விதி வேறு விதமாக இருந்தது. தொண்டையில் நோய் கண்டு, 1920 டிசம்பர் 14-ந் தேதி கிப் இறந்தார். அவருக்கு வயது 25.

நான்கு சாதாரணப் பையன்கள்

கிப் போய்விட்டாரே, இனி அணியின் கதி என்ன என்று ரசிகர்கள் கவலைப்பட்டார்கள். 1921-ல் சேரும் புதுப் பையன்களில் இன்னொரு கிப் இருப்பானா என்று தேடினார்கள்.

அந்த ஆண்டு நான்கு பையன்கள் வந்தார்கள். ஹாரி ஸ்டூல்ட்ரேஹர், டான் மில்லர், ஜிம் குரோலி, எல்மர் லேடன்.

நான்கு பேரில் ஒருவர் கூட 165 ராத்தல் எடைக்கு மேல் இல்லை. ஸ்டூல்ட்ரேஹர் எல்லோரையும் விடக் குள்ளம். லேடனுக்கு ஊர் நினைப்பு வந்து, திரும்பிப் போய்விடலாமா என்று ஏங்கினார். மில்லருடைய அண்ணன்மார் அதே அணியில் முன்பே பெயர் வாங்கியவர்கள். தம்பி என்ன செய்வான் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

முதல் வருட மாணவர்கள் பெரிய அணியில் ஆடக் கூடாது என்பது அந்தக் கால விதி. அதனால் ராக்னிக்கு ஒரு வருடம் பொறுமையாகப் பார்க்க நேரம் கிடைத்தது. இவர்களில் இன்னொரு கிப் இல்லை என்பது தெரிந்தது. ஆனால் நான்கு பேரும் சேர்ந்தால்?

1922-ல் மூத்த வீரர் பால் காஸ்ட்னர் ஆட்டத்தில் இடுப்பு எலும்பு முறிந்து விழுந்தார். அந்த இடத்துக்கு லேடனை ராக்னி மாற்றினார். நான்கு பேரும் அன்று முதல் ஒன்றாக ஆடத் தொடங்கினார்கள்.

எடை குறைவு என்பதையே ராக்னி பலமாக மாற்றினார். பந்து புறப்படும் நொடிக்குச் சற்று முன், நால்வரும் தாளத்துக்கு ஆடுவது போல ஒரே சமயத்தில் இடம் மாறுவார்கள். யார் பந்தை எடுப்பார், எந்தப் பக்கம் ஓடுவார் என்று எதிரிக்குத் தெரியாது. அவன் யோசிப்பதற்குள் பந்து பறந்துவிடும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஆட்டத்தின் தொடக்கத்தில் இரண்டாவது அணியை இறக்குவார். எதிரிகள் களைத்த பிறகு முதல் அணியை அனுப்புவார்.

முகமூடிக் கூட்டம்

அந்தக் காலத்தில் இண்டியானாவில் கூ கிளக்ஸ் கிளான் என்ற கூட்டத்துக்குச் செல்வாக்கு அதிகம். வெள்ளை உடை போட்டு, முகத்தை மூடித் திரிவார்கள். கறுப்பர், யூதர், கத்தோலிக்கர், வெளிநாட்டிலிருந்து குடியேறியவர் யாரையும் அவர்களுக்குப் பிடிக்காது.

1924 மே மாதம் அந்தக் கூட்டத்தார் சவுத் பெண்டில் வந்து கூடினார்கள். நோட்டர் டேம் மாணவர்கள் திரண்டு போய் எதிர்த்தார்கள். தெருவில் கைகலப்பு நடந்தது. பல்கலைக் கழகத் தலைவர் நேரில் வந்து மாணவர்களைச் சமாதானப்படுத்தினார்.

சில மாதம் கழித்துக் கால்பந்துப் பருவம் தொடங்கியது. இப்போது அது வெறும் ஆட்டம் அல்ல. அயர்லாந்து, இத்தாலி, போலந்து நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்கள் நோட்டர் டேம் அணியைத் தங்கள் அணி என்று நினைத்தார்கள். அவர்களில் பலர் காலேஜ் வாசலையே மிதிக்காதவர்கள். நியூயார்க்கில் சுரங்க ரயில் ஏறி வந்து ஆட்டம் பார்த்தார்கள். நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று தலை நிமிர்ந்து சொல்ல அவர்களுக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது.

நான்கு குதிரை வீரர்கள்

1924 அக்டோபர் 18-ந் தேதி நியூயார்க்கில் ராணுவ அணியோடு ஆட்டம். நோட்டர் டேம் 13-7 என்று வென்றது. கிராண்ட்லாண்ட் ரைஸ் என்ற புகழ் பெற்ற நிருபர், பைபிளில் அழிவைக் கொண்டு வரும் நான்கு குதிரை வீரர்களோடு இந்த நான்கு பேரையும் ஒப்பிட்டு எழுதினார்.

அந்தப் பெயர் நாடு முழுவதும் பரவியது. நான்கு பேரையும் குதிரை மேல் ஏற்றிப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் வராத பத்திரிகை இல்லை!

இவர்களுக்கு வழி உண்டாக்கிக் கொடுத்து அடிபட்டவர்கள் முன்வரிசை வீரர்கள் 7 பேர். அவர்களுக்கு 'ஏழு கோவேறு கழுதைகள்' என்று செல்லப் பெயர். பாரம் சுமந்தவர்கள் அவர்கள்தான்.

முந்தின இரண்டு வருடமும் தங்களைத் தோற்கடித்த நெப்ராஸ்கா அணியை, இந்த முறை 34-6 என்று பழி தீர்த்தார்கள். 1925 புத்தாண்டு தினத்தில் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு அணியை 27-10 என்று வென்றார்கள். ஊர் நினைப்பில் ஏங்கிய அதே லேடன் அன்று மூன்று முறை பந்தை எல்லைக்குக் கொண்டு போனார்! 10 ஆட்டம், 10 வெற்றி. தேசத்தின் முதல் அணி என்ற பெருமை கிடைத்தது.

கோட்டை சரிந்தது

எப்போதும் வெற்றி கிடைக்குமா? 1926-ல் ராக்னியே ஏமாந்தார். கார்னகி டெக் அணி பலவீனமானது என்று நினைத்து, தன் அணியை உதவியாளரிடம் விட்டுவிட்டு, வேறொரு பெரிய ஆட்டத்தைப் பார்க்கச் சிகாகோ போனார். அன்று நோட்டர் டேம் 19-0 என்று தோற்றது. நாடே சிரித்தது.

1928 இன்னும் மோசம். 5 வெற்றி, 4 தோல்வி. சொந்த மைதானத்தில் 23 வருடமாகத் தோற்காத அணி, அந்த ஆண்டு தோற்றது.

அந்த வருடம் ராணுவ அணியோடு ஆடும்போது, இடைவேளையில் ராக்னி வீரர்களிடம் கிப்பின் கதையைச் சொன்னார். அணி கஷ்டத்தில் இருக்கும்போது தனக்காக ஒரு ஆட்டம் வெல்லச் சொல் என்று கிப் மரணப் படுக்கையில் கேட்டுக் கொண்டதாகக் கூறினார். வீரர்கள் கண்ணீரோடு எழுந்தார்கள். 12-6 என்று வென்றார்கள். கிப் உண்மையில் அப்படிச் சொன்னாரா என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்பட்டார்கள். ஆனால் அந்த வெற்றி உண்மை.

1929-ல் ராக்னிக்குக் கால் ரத்தக் குழாயில் நோய் வந்தது. நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே பயிற்சி கொடுத்தார். அந்த ஆண்டு 9 ஆட்டம், 9 வெற்றி! 1930-ல் புதிய ஸ்டேடியம் திறக்கப்பட்டது. அந்த ஆண்டும் 10-க்கு 10 வெற்றி.

வானில் வந்த எமன்

1931 மார்ச் 31-ந் தேதி, ராக்னி கான்சாஸ் சிட்டியில் விமானம் ஏறினார். லாஸ் ஏஞ்சல்சில் ஒரு சினிமாப் பட வேலைக்காகப் போய்க் கொண்டிருந்தார்.

கான்சாஸ் மாநிலத்தில் பசார் என்ற சிற்றூர் அருகே, விமானத்தின் மர இறக்கை ஒடிந்தது. விமானம் புல்வெளியில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 8 பேரும் இறந்தார்கள். ராக்னிக்கு வயது 43.

அமெரிக்காவே அழுதது. நார்வே மன்னர் அவருக்கு விருது அளித்துக் கௌரவித்தார். இந்த விபத்தால் எழுந்த கூச்சல், விமானங்களை உலோகத்தால் உறுதியாகக் கட்டவும், விபத்து விசாரணைகளை மக்களுக்கு வெளியிடவும் தூண்டுகோல் ஆயிற்று.

1940-ல் அவர் வாழ்க்கை சினிமாவாக வந்தது. அதில் கிப் ஆக நடித்த ரொனால்டு ரீகன், 1981-ல் அமெரிக்க ஜனாதிபதி ஆனார்!

தலைமைப் பயிற்சியாளராக 13 வருடத்தில் ராக்னி வென்ற ஆட்டங்கள் 105. தோற்றவை 12 மட்டுமே. 5 சமமாக முடிந்தன. அவர் வளர்த்த நான்கு பையன்களில் ஸ்டூல்ட்ரேஹர், குரோலி, லேடன் மூவரும் புகழ் பெற்ற பயிற்சியாளர்கள் ஆனார்கள். மில்லர் நீதிபதி ஆனார்.

இன்றும் புதுப் பையன்கள் வரும்போதெல்லாம் ரசிகர்கள் மனக்கோட்டை கட்டுகிறார்கள். அதில் தவறு இல்லை. ஆனால் 22 வயதில், வழுக்கை விழுந்த தலையோடு வந்த ஒரு தபால் ஆபீஸ் ஊழியரைப் பார்த்து அன்று யாரும் கோட்டை கட்டவில்லை. 1921-ல் வந்த நான்கு சிறிய பையன்களைப் பார்த்தும் கட்டவில்லை.

பிள்ளையை வந்த அன்றே எடை போடாதீர்கள். பொறுமையாகப் பழக்குங்கள். ராக்னியின் வாழ்க்கை பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்லும் பாடம் அதுதான்.