சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

வேப்பந்தட்டை போன்ற மானாவாரி நிலப்பகுதிகளில் புளியமரம் உலுக்கும்போதோ, கிணறு தூர்வாரும்போதோ தவறி விழுவோர் உண்டு. முதுகெலும்பு முறிந்து, அதனுள் ஓடும் தண்டுவடமும் சிதைந்துவிட்டால் அடிபட்ட இடத்திற்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் அற்றுப்போகும். எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகையோரைத் திண்ணையில் கிடத்திவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி தெரிந்தவர் அரியர். அவர்களுள் பலரின் உயிரைப் பறித்தது முறிவன்று. பின்னர் வந்த படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றுமே. இவற்றைத் தடுக்க இயலும், தடுத்தபின் அவர்கள் உழைத்து வாழவும் இயலும் என்பதை வேலூரில் செய்து காட்டியவர் மருத்துவர் மேரி வர்கீஸ். அவரும் தண்டுவடம் சிதைந்தவரே.

கொச்சியில் வசதிமிக்க சிரியன் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் 1925-ஆம் ஆண்டு பிறந்த மேரி, ஐடா ஸ்கடர் தோற்றுவித்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றார். மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவத்தில் தேர்ச்சி பெறுவதே அவர்தம் விருப்பம். 1954-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இளம் மருத்துவர் சிலருடன் உலாச் சென்றபோது அவர்கள் ஏறிச் சென்ற ஊர்தி கவிழ்ந்தது. முகத்தில் ஆழ்ந்த காயம். இடுப்புக்குக் கீழே இயக்கம் முற்றிலும் நின்றுபோயிற்று. நெடுநேரம் நின்று பணியாற்ற வேண்டிய துறையைத் தேர்ந்திருந்தவருக்கு இனி நிற்கவே இயலாது என்னும் நிலை வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

திங்கள் பல படுக்கையிலேயே கழிந்தன. அக்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்து, மீண்டும் பிடிக்கவும் எடுக்கவும் வைத்துக்கொண்டிருந்தார் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர். கை அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம். இவ்வெளிய உண்மை மேரியின் வாழ்வைத் திருப்பியது. பிராண்டின் ஊக்கத்தால் அவர் சக்கர நாற்காலியில் அறுவை அரங்கினுள் நுழைந்தார். கால் உணர்விழந்த மருத்துவர், கை உணர்விழந்த நோயாளருக்கு விரல்களை மீட்டுக் கொடுத்தார். அவரைக் கண்ட நோயாளருக்கு, மருந்தினும் பெரியதொரு நம்பிக்கை அக்காட்சியிலேயே கிடைத்திருக்கும்.

ஆயினும், மேரியின் மீட்சியை அவரது மனவுறுதியின் விளைவு என்று மட்டும் கூறிவிடுதல் முறையன்று. அவர் பயின்ற மருத்துவமனையே அவரைத் தாங்கியது; உடன் பணியாற்றியோர் சூழ இருந்தனர்; கல்வியும் குடும்பத்தின் வசதியும் துணை நின்றன. அதே முறிவுடன் அதே மருத்துவமனைக்கு வந்த உழவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் இவற்றுள் எதுவும் இல்லை. அறுவை முடிந்து வீடு திரும்பிய அவர்களுக்கு வாழும் வகை கற்பிப்பார் எவருமிலர். இந்த வேறுபாட்டை உணர்ந்தமையே மேரியைக் கை அறுவையோடு நின்றுவிடாமல் புதிய துறையொன்றை நோக்கிச் செலுத்தியது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க் சென்று, மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியாகிய ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் பயின்றார். 1963-இல் வேலூரில் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966-இல் நோயாளர் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அங்குத் திறக்கப்பெற்றது. இந்தியாவில் இவ்வகையில் முதன்மையானது அது.

மறுவாழ்வு என்பது ஒற்றைச் சிகிச்சையன்று. நாள்தோறும் பழகிக் கைவரப் பெறும் வாழ்முறை. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிக் கிடத்த வேண்டும். உணர்ச்சியற்ற தோலை அன்றாடம் கண்ணால் பார்த்துக் காக்க வேண்டும். வலி எச்சரிக்காத இடத்தில் கண்ணே காவல். சிறுநீர் தேங்காமல் வெளியேற்றக் கற்க வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறத் தோள்களுக்கு வலிமை வேண்டும். இவற்றை இயன்முறை மருத்துவரும் செவிலியரும் கற்பிக்க, இல்லம் திரும்பியபின் உதவப்போகும் உறவினரும் உடனிருந்து கற்றல் இன்றியமையாதது. இதன்பின் எழும் வினா பிழைப்பு. ஏர் பிடித்தவரால் மீண்டும் ஏர் பிடிக்க இயலாது. அமர்ந்து செய்யத்தக்க தொழில் ஒன்று அவருக்கு வேண்டும். மேரியின் பெயரால் வேலூரில் இயங்கும் அறக்கட்டளை, உடற்குறையுடையோருக்குத் தொழிற்பயிற்சி அளிக்கிறது.

1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-இல் அவர் மறைந்தார். உடற்குறையுடையோரின் உரிமைகளுக்கான சட்டத்தை நாடாளுமன்றம் 1995-இல் இயற்றுவதற்கு முன்பே அவர்தம் வாழ்வு முடிந்துவிட்டது. மாற்றுத்திறனாளி என்னும் சொல்லும் அவர் காலத்து அரசு ஆவணங்களில் இல்லை. ஊனமுற்றோர் என்றே எழுதினர். இன்று தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உண்டு. 2021-இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் நோயாளரின் வீட்டுக்கே செல்கிறார். வேலூர் பாகாயத்திலுள்ள மறுவாழ்வு நிலையத்தில், பயிற்சி பெற்றுச் சென்றோர் ஆண்டுதோறும் கூடும் விழாவொன்று நடைபெறுகிறது. சக்கர நாற்காலிகளிலும் ஊன்றுகோல்களிலும் வந்து, விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டு, உடல்நலத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு அவர்கள் ஊர் திரும்புகின்றனர்.