சிப்பாய்களின் கால் வலி

அடி படவில்லை. முள் குத்தவில்லை. ஆனாலும் பாதத்தின் முன்பகுதி வீங்கியது. ஊன்றினால் உயிர் போகிற வலி!

பிரஷ்ய நாட்டுச் சிப்பாய்களுக்கு இந்தத் தொல்லை இருந்தது. பிரைத்தாப்ட் என்ற ராணுவ டாக்டர் 1855-ல் இதைப்பற்றி எழுதினார். சரியான காரணம் மட்டும் தெரியவில்லை.

1897-ல் குட்டு வெளிப்பட்டது. கால் விரல்களுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்பில் முறிவு! ஓயாமல் நடந்து நடந்தே எலும்பு விட்டுப் போயிருந்தது. அதைக் காட்டியது, "எக்ஸ்ரே" படம்.

எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தவர் வில்ஹெல்ம் ராண்ட்ஜன்.

காட்டிக்கொடுக்காத மாணவன்

ராண்ட்ஜன் 1845 மார்ச் 27-ந் தேதி ஜெர்மனியில் லென்னப் என்ற ஊரில் பிறந்தார். தந்தை துணி வியாபாரி. சிறு வயதிலேயே குடும்பம் ஹாலந்துக்குக் குடியேறியது.

படித்த பள்ளியில் ஒரு மாணவன், ஆசிரியரைக் கேலிப்படமாக வரைந்துவிட்டான். வரைந்தவன் யார் என்று ராண்ட்ஜனைக் கேட்டார்கள். அவர் சொல்ல மறுத்தார். பள்ளியைவிட்டு நீக்கிவிட்டார்கள்!

சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரக் கல்லூரி, பள்ளிச் சான்று இல்லாத அவரைச் சேர்த்துக்கொண்டது. 1869-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

இருட்டில் ஒளி

1895 நவம்பர் 8-ந் தேதி, வெள்ளிக்கிழமை.

ஆராய்ச்சி அறையை இருட்டாக்கியிருந்தார். கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கறுப்பு அட்டையால் மூடி, மின்சாரம் செலுத்தினார். ஒளி வெளியே வர வழியே இல்லை. ஆனால், சற்றுத் தள்ளி இருந்த ரசாயனம் பூசிய திரை பளிச்சிட்டது!

கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கதிர் அட்டையைத் துளைத்து வருகிறது என்று புரிந்துகொண்டார். பல வாரங்கள் அந்த அறையே கதி என்று கிடந்தார். டிசம்பர் 22-ந் தேதி மனைவி பெர்தாவின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. சதை நிழல்போல மங்கியிருந்தது. அதைப் பார்த்து அந்த அம்மாள் பயந்தே போனாராம். பயப்படாமல் என்ன செய்வார்?

1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு ராண்ட்ஜனுக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். காப்புரிமையும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பணம் மலைபோல் குவிந்திருக்கும்.

எக்ஸ்ரேயில் தெரியாதது

எக்ஸ்ரே எலும்பை நன்றாகக் காட்டும். நரம்பையும் தசைநாரையும் அப்படிக் காட்டாது. எலும்பு விரிசலும் முதல் இரண்டு மூன்று வாரங்கள் அதில் தெரியாமல் போவது உண்டு. படம் சரியாக இருக்கிறதே என்று தொடர்ந்து நடந்தால், விரிசல் முறிவாகிவிடும்!

இதற்கு இன்று "எம்.ஆர்.ஐ." இருக்கிறது. இது வேறு வகை. எக்ஸ்ரே கதிர் கிடையாது. பெரிய காந்தமும் ரேடியோ அலையும் சேர்ந்து படம் எடுக்கின்றன. எலும்புக்குள் நீர் கோத்திருந்தால் அப்போதே தெரியும். விரல் எலும்புகளுக்கு நடுவே நரம்பு தடித்திருந்தாலும் தெரியும்.

கடைசி நாட்கள்

முதல் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனியில் பணம் மதிப்பு இழந்தது. ராண்ட்ஜனின் சேமிப்பும் கரைந்தது. 1919-ல் பெர்தா இறந்தார்.

1923 பிப்ரவரி 10-ந் தேதி, குடல் புற்றுநோயால் ராண்ட்ஜன் காலமானார். அப்போது அவருக்கு வயது 77. கீசன் நகரில், பெர்தாவின் அருகே அடக்கம் செய்தார்கள்.