பிராங்க் ஜோப்

பிராங்க் ஜேம்ஸ் ஜோப் (ஜூலை 16, 1925 – மார்ச் 6, 2014) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் ஆவார். விளையாட்டு மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். பந்தெறியும் விளையாட்டு வீரர்களின் முழங்கையில் அறுந்துபோன பிணைப்புநாருக்கு மாற்றாக, அவர்களது உடலின் வேறொரு பகுதியிலிருந்து எடுத்த தசைநாணைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையை 1974-இல் முதன்முதலில் செய்தவர் இவரே. இச்சிகிச்சை இவருடைய பெயரால் அன்றி, அதனை முதலில் செய்துகொண்ட ஆட்டக்காரரின் பெயரால் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை என்றே வழங்கப்படுகிறது.

இளமையும் போர்ப்பணியும்

ஜோப் வட கரொலைனா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து, 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவின் மருத்துவப் பொருள் வழங்கல் பிரிவில் பணியாற்றினார். 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரைச் செருமானியப் படைகள் முற்றுகையிட்டபோது இவரும் அங்கிருந்தார். குண்டுவீச்சுக்கு நடுவிலும் காயமுற்றோருக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்த மருத்துவர்களைக் கண்டதே இவரை மருத்துவத் துறைக்கு இட்டுச் சென்றது. போர்ப்பணிக்காக இவருக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் வழங்கப்பட்டது.

போர் முடிந்தபின் கலிபோர்னியாவுக்குச் சென்று, லோமா லிண்டாவில் மருத்துவம் பயின்றார். சில ஆண்டுகள் பொது மருத்துவராகப் பணியாற்றிய பின்னர் லாஸ் ஏஞ்சலஸில் எலும்பியலில் மேற்பயிற்சி பெற்றார்.

ராபர்ட் கெர்லனுடன் இணைதல்

1965-இல் ஜோப், மருத்துவர் ராபர்ட் கெர்லனுடன் இணைந்து விளையாட்டு வீரர்களுக்கான மருத்துவக் குழுவொன்றைத் தொடங்கினார். இதுவே பின்னாளில் கெர்லன்-ஜோப் எலும்பியல் மருத்துவமனையாகப் புகழ்பெற்றது. கெர்லன் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் (அடிபந்தாட்டம்) அணியின் மருத்துவராக இருந்தார். அவர் வழியே ஜோப்புக்கும் அவ்வணியுடன் தொடர்பு ஏற்பட்டது. இத்தொடர்பு இவரது இறுதிக்காலம் வரை நீடித்தது.

அக்காலத்தில் பந்தெறிவாளரின் முழங்கையில் கடும் காயம் ஏற்பட்டால் அவரது விளையாட்டு வாழ்க்கை முடிந்துவிட்டது என்றே பொருள். ஓய்வு, பனிக்கட்டி ஒத்தடம், ஊசி மருந்து ஆகியவற்றுக்கு மேல் மருத்துவர்களால் பெரிதாக எதுவும் செய்ய இயலவில்லை. டாட்ஜர்ஸ் அணியின் பெரும் வீரரான சாண்டி கோபாக்ஸ் 1966-இல் 27 ஆட்டங்களை வென்றுதந்த பின்னர், முழங்கை வலி காரணமாகத் தமது 30-ஆவது வயதில் ஓய்வு பெற்றது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

முழங்கையின் உட்புறப் பிணைப்புநார்

எலும்பையும் எலும்பையும் இணைக்கும் உறுதியான நார் பிணைப்புநார் (லிகமென்ட்) ஆகும். தசையை எலும்புடன் இணைப்பது தசைநாண் ஆகும். முழங்கையின் உட்புறத்தில் உள்ள பிணைப்புநார், மேற்கை எலும்பின் கீழ்முனையை முன்கையின் அல்னா எலும்புடன் இணைக்கிறது.

பந்தெறிபவர் கையைத் தலைக்கு மேலே பின்னோக்கி வளைத்துப் பின்னர் விசையுடன் முன்னே கொண்டுவரும்போது, முழங்கை மூட்டு உட்புறமாகத் திறந்துகொள்ள முயல்கிறது. அதனைத் தடுத்து நிறுத்துவதில் இப்பிணைப்புநாருக்குப் பெரும்பங்கு உண்டு. ஒவ்வொரு எறிதலிலும் சிறிது சிறிதாக நைந்து, ஒருநாள் அது அறுந்துவிடலாம். ஈட்டி எறிவோருக்கும் இக்காயம் ஏற்படுகிறது. இது அறுந்தாலும் எழுதுதல், உண்ணுதல், சுமை தூக்குதல் போன்ற அன்றாட வேலைகளுக்குப் பொதுவாக இடையூறு நேர்வதில்லை. ஆனால் விரைவாகவும் குறிதவறாமலும் பந்தெறிய இயலாது போய்விடும்.

1974-ஆம் ஆண்டின் அறுவைச் சிகிச்சை

1974 ஜூலை 17 அன்று மொன்றியால் எக்ஸ்போஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கைப் பந்தெறிவாளர் டாமி ஜானின் முழங்கைப் பிணைப்புநார் அறுந்தது. அப்பருவத்தில் அவர் அதுவரை 13 வெற்றிகளும் 3 தோல்விகளும் பெற்றிருந்தார். அவருக்கு வயது 31. சில வார ஓய்வுக்குப் பின்னும் அவரால் பந்தெறிய முடியவில்லை.

இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டோரின் கைகால்களில் ஓரிடத்துத் தசைநாணை வேறோர் இடத்திற்கு மாற்றும் முறை அந்நாளில் வழக்கில் இருந்தது. கை அறுவை மருத்துவர்களும் விரல்களில் தசைநாண் ஒட்டுகளைப் பயன்படுத்தி வந்தனர். இதனையே பந்தெறிவாளரின் முழங்கைக்கும் பயன்படுத்தலாம் என்று ஜோப் எண்ணினார். கை அறுவையில் தேர்ந்த மருத்துவர் ஹெர்பர்ட் ஸ்டார்க் இவருக்குத் துணைநின்றார். டாமி ஜான் மீண்டும் தொழில்முறை ஆட்டத்துக்குத் திரும்ப நூற்றில் ஒரு வாய்ப்பே உண்டு என்று ஜோப் கணித்தார். அதனை மறைக்காமல் அவரிடம் கூறினார். டாமி ஜான் சிகிச்சைக்கு இசைந்தார்.

1974 செப்டம்பர் 25 அன்று அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. டாமி ஜானின் வலது முன்கையிலிருந்து எடுத்த தசைநாண் அவரது இடது முழங்கையில் பொருத்தப்பட்டது. எனினும் அதன்பின் முழங்கையின் உட்புறமாகச் செல்லும் அல்னா நரம்பு செயலிழந்து, அவரது இடக்கை விரல்கள் மரத்து மடங்கிப்போயின. அவ்வாண்டின் இறுதியில் நரம்பை இடம் மாற்றுவதற்காக இரண்டாவது அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. நரம்பு மெல்ல மெல்லவே மீண்டது.

டாமி ஜான் 1975 பருவம் முழுவதும் ஆடவில்லை. 1976-இல் களத்துக்குத் திரும்பி 10 வெற்றிகளும் 10 தோல்விகளும் பெற்றார். 1977-இல் 20 ஆட்டங்களில் வென்றார். 1989-இல், தமது 46-ஆவது வயதில் ஓய்வு பெற்றபோது அவரது மொத்த வெற்றிகள் 288. இவற்றுள் 164 வெற்றிகள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பெற்றவையாகும்.

சிகிச்சை முறை

ஜோப்பின் முறையில் மேற்கை எலும்பிலும் அல்னா எலும்பிலும் சிறு துளைகள் இடப்பட்டு, அவற்றின் வழியே தசைநாண் எட்டு வடிவில் கோத்துக் கட்டப்படுகிறது. ஒட்டுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டின் முன்புறத்தில் உள்ள பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் மெல்லிய தசையின் நாண் பயன்படுகிறது. பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால் இந்நாண் தோலுக்கடியில் புடைத்துத் தெரியும். சிலருக்குப் பிறவியிலேயே இது இருப்பதில்லை. இதனை எடுத்துவிடுவதால் கையின் வலிமை குறிப்பிடத்தக்க அளவில் குறைவதில்லை. இது இல்லாதவர்களுக்குத் தொடையிலிருந்து தசைநாண் எடுக்கப்படுகிறது.

பொருத்தப்பட்ட நாணுக்குள் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து, அது படிப்படியாகப் பிணைப்புநாரின் தன்மையை அடைகிறது. இதற்குப் பல மாதங்கள் ஆகும். ஆகவே பந்தெறிவாளர் போட்டிகளுக்குத் திரும்ப ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். அக்காலம் முழுவதும் ஒழுங்கான உடற்பயிற்சியும் சிறுகச் சிறுகக் கூட்டப்படும் எறிபயிற்சியும் இன்றியமையாதவை.

ஆய்வு முடிவுகள்

முதல் சிகிச்சை வெற்றி பெற்றபோதும் ஜோப் அதனை உடனே பிறருக்குச் செய்ய முற்படவில்லை. டாமி ஜான் திரும்ப வந்து ஆடிக் காட்டும்வரை காத்திருந்தார். இரண்டாவதாக இச்சிகிச்சை பெற்ற பந்தெறிவாளர் பிரெண்ட் ஸ்ட்ராம், 1978-இல்தான் அதனைச் செய்துகொண்டார்.

ஜோப், ஸ்டார்க் ஆகியோர் தம் முடிவுகளை 1986-இல்தான் மருத்துவ இதழில் வெளியிட்டனர். சிகிச்சை பெற்ற 16 வீரர்களுள் 10 பேர் முந்தைய நிலைக்குத் திரும்பியதாக அவ்வறிக்கை கூறியது. 1992-இல் வெளியான மற்றோர் ஆய்வில், புதிய நாண் பொருத்தப்பட்ட 56 பேருள் 38 பேர் முந்தைய நிலையை அடைந்திருந்தனர். அறுந்த நாரையே தைத்துச் சரிசெய்த 14 பேருள் 7 பேரே அந்நிலையை அடைந்தனர். இதனால் தைப்பதைவிட மாற்றுநாண் பொருத்துவதே பல்லாண்டுகள் விரும்பப்பட்டது.

தோள்மூட்டுப் பணிகள்

எறிதலின்போது எந்தெந்தத் தசை எப்போது இயங்குகிறது என்பதை மின்முனைகள் கொண்டு அளந்த ஆய்வுகளிலும் ஜோப் ஈடுபட்டார். தோள்பட்டைத் தசைகளுக்கு இவர் வகுத்த பயிற்சிகள் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. தோளின் ஒரு தசைநாண் காயத்தைக் கண்டறியும் சோதனை இவரது பெயரால் ஜோப் சோதனை எனப்படுகிறது. 1990-இல் டாட்ஜர்ஸ் பந்தெறிவாளர் ஓரெல் ஹெர்ஷைசரின் தோள்மூட்டை இவர் சீரமைத்தார். அவர் 1991-இல் களத்துக்குத் திரும்பி 2000 வரை ஆடினார்.

பிற்கால வளர்ச்சி

தொடக்கத்தில் முழங்கைத் தசைகளை எலும்பிலிருந்து பிரித்து, நரம்பையும் இடம் மாற்றியே இச்சிகிச்சை செய்யப்பட்டது. பின்னர் தசையை அதன் இழைகளின் போக்கிலேயே விலக்கி, நரம்பைத் தொடாமல் செய்யும் முறை உருவானது. இதனால் நரம்புக் கோளாறுகள் குறைந்தன. எலும்புத் துளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் முறையை டேவிட் ஆல்ட்செக் உருவாக்கினார். 2010-களில், அறுந்த நாரைத் தைத்து அதன்மேல் வலுவான நாடாவைப் பொருத்தும் முறையும் வழக்கிற்கு வந்தது. ஏறத்தாழ 740 வீரர்களைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில் 83 விழுக்காட்டினர் முந்தைய நிலைக்கோ அதற்கு மேலோ திரும்பியிருந்தனர்.

தவறான நம்பிக்கைகளும் சிறுவர் காயங்களும்

சிகிச்சையின் வெற்றி வேறொரு சிக்கலையும் உண்டாக்கியது. புதிய நாண் பொருத்தினால் பந்தின் வேகம் கூடும் என்ற நம்பிக்கை சில பெற்றோரிடமும் பயிற்சியாளரிடமும் பரவியது. இச்சிகிச்சை இழந்ததை மீட்டுத்தர முயல்வதேயன்றி, நலமான கைக்கு வலுவூட்டுவது அன்று. திரும்பியவர்களின் முன்னேற்றத்தில் ஓராண்டுப் பயிற்சிக்கும் ஓய்வுக்கும் பெரும்பங்கு உண்டு.

2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட இத்தகைய சிகிச்சைகளை ஆராய்ந்த ஆய்வொன்று, அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை 15 முதல் 19 வயதினருக்குச் செய்யப்பட்டவை எனக் கண்டது. ஆண்டு முழுவதும் ஓய்வின்றி ஆடுவதும், களைத்த கையால் எறிவதும் முக்கியக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. இதனைத் தடுக்க, வயதிற்கேற்ப ஒரு நாளில் எறியத்தக்க பந்துகளின் எண்ணிக்கையையும் ஓய்வு நாட்களையும் வரையறுக்கும் வழிகாட்டுதல்கள் 2014-இல் வெளியிடப்பட்டன.

சிறப்புகளும் மறைவும்

2013 ஜூலையில் கூப்பர்ஸ்டவுனில் உள்ள தேசிய பேஸ்பால் புகழ்க்கூடம், ஆண்டு விழாவின்போது ஜோப்பைச் சிறப்பித்தது. டாமி ஜானும் அவ்விழாவில் கலந்துகொண்டார். ஜோப் மார்ச் 6, 2014 அன்று கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் தமது 88-ஆவது வயதில் காலமானார். அடுத்த ஆண்டு வெளியான கணக்கெடுப்பு ஒன்றின்படி, அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை அணிகளில் ஆடிய பந்தெறிவாளர்களுள் நால்வரில் ஒருவர் இச்சிகிச்சை பெற்றவராக இருந்தார்.